படத்தின் பிசகும் மண்ணின் வடுவும் – மதுரை வட்டாரப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஆசிரிய நண்பர்களுக்கு,

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் வட்டாரங்களிலும் உள்ள பள்ளிகளில் புவியியல் கற்பிக்கும் உங்கள் அனைவருக்கும், அதே பாடத்தைச் சாக்கட்டியும் கரும்பலகையும் துணையாகக் கொண்டு பல்லாண்டு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் மாணவர்கள் கையில் இருக்கும் கைபேசிக்குள் இன்று உலகம் முழுவதன் செயற்கைக்கோள் படமும் அடங்கியிருக்கிறது; அதில் அவர்கள் நாள்தோறும் ஏதேனும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்துத் தோழர்களுக்குக் காட்டி மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை வீண்பொழுது என்று ஒதுக்கிவிடாமல், அதனையே பாடத்துக்கு வாசலாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களை வேண்டிக்கொள்வதே என் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் கைபேசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தாத்தா, பெருங்குடிக்கிட்ட வயக்காட்டு மேல ஒரு பிளேனு அப்படியே நிக்குது. அதை ஒட்டி செவப்பா, பச்சையா, ஊதாவா மூணு ஆவி தெரியுது பாருங்க" என்றான். பார்த்தேன். நம் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தின் வெண்மையான உருவம், காய்ந்த புஞ்சைகளின் செம்மண் நிறத்தின் மேல் தெளிவாக விழுந்திருந்தது; அதன் இறக்கை விளிம்புகளில் மட்டும், சலவையில் சாயம் கசிந்த சேலைக்கரை போல, மூன்று நிறங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நின்றன.

அதற்குக் காரணம் மிக எளியது; அழகானதும்கூட. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, நம் காமிராவைப் போல ஒரே கணத்தில் முழுக் காட்சியையும் பிடித்துக்கொள்வதில்லை. தாம் செல்லும் பாதையின் கீழே உள்ள நிலத்தை வரிவரியாகத் துழாவிக்கொண்டே போகின்றன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனியே அமைந்த உணரி வரிசைகள், ஒரே இடத்தை ஒரு நொடியின் சிறு பங்கு முன்னும் பின்னுமாகப் பார்க்கின்றன. அசையாமல் நிற்கும் வீடும் மரமும் பாறையும் மூன்று பார்வையிலும் ஒரே இடத்தில் இருப்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகின்றிப் பொருந்துகின்றன. பறக்கும் விமானமோ ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே பல மீட்டர் தூரம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே பேரன் கண்ட ஆவிகள் மூன்றும், காலம் என்பது படத்துக்குள் புகுந்துவிட்டதற்குப் பிரத்தியட்சமான சாட்சிகள். இதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஏமாற்றம் தோன்றும் என்று நினைத்தேன்; மாறாக, நான்குவழிச் சாலையில் ஓடும் பேருந்துகளுக்கும் அந்த நிறக்கசிவு உண்டா என்று தேடத் தொடங்கிவிட்டான். ஒரு விசித்திரத்துக்கு விளக்கம் கிடைத்தால் ஆச்சரியம் அழிந்துபோவதில்லை, அது வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது என்பதை அன்று நான் உணர்ந்தேன்.

இன்னொன்றைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி, அதாவது 52 மீட்டர் உயரம் உடையது. செயற்கைக்கோள் படத்தில் அது பெரும்பாலும் நேராக நிற்பதில்லை. கலசங்கள் ஒரு பக்கமும் அடித்தளம் ஒரு பக்கமுமாகச் சாய்ந்து தோன்றுகிறது. செயற்கைக்கோள் நேர் கீழாக நோக்காமல் 25 பாகை சாய்வில் நோக்கியிருந்தால், கோபுரத்தின் உச்சி அதன் அடியிலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர் விலகிப்போய் விழும். உங்கள் பத்தாம் வகுப்பு மாணவன் முக்கோணவியல் அட்டவணையை வைத்துக்கொண்டு இதைத் தானே கணக்கிட்டுவிடுவான். ஒரே வேளையில் எடுத்த படத்தில் எல்லாக் கோபுரங்களும் ஒரே திசையில்தான் சாயும். ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் சாய்ந்திருந்தால், இடையில் எங்கோ இரண்டு படங்களை ஒட்டிய தையல் இருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

நிழலும் அவ்வாறே பேசும். இத்தகைய செயற்கைக்கோள்களிற் பல நம் ஊரைக் கடப்பது முற்பகல் பத்து மணியை ஒட்டித்தான். மதுரை, வட அட்சம் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். மார்கழியில் எடுத்த படமானால் கோபுர நிழல் வடமேற்கே நீண்டிருக்கும்; ஆனியில் எடுத்ததானால் தென்மேற்கே குறுகியிருக்கும். கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நண்பகல் நிழல் ஒருநாளும் தெற்கே விழுவதில்லை. நம் பிள்ளைகளுக்கோ இந்த இரட்டை நிழல் பிறப்புரிமையாகக் கிடைத்திருக்கிறது. தேதி அச்சிடாத படத்தின் மாதத்தைக் கோபுர நிழலைக் கொண்டு ஊகிக்கும் பயிற்சியைவிட, சூரியனின் அயனத்தைக் கற்பிக்க வேறு சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

வைகையில் ஒரு கோட்டுக்கு மேற்கே நீரும், அதே கோட்டுக்குக் கிழக்கே வெண்மணலும் சீமைக்கருவேலமுமாகக் காண நேர்ந்தால், அங்கே நதி வற்றிவிடவில்லை. ஐப்பசியில் எடுத்த படமும் பங்குனியில் எடுத்த படமும் அங்கே சந்திக்கின்றன. பாலங்கள் சில முப்பரிமாணக் காட்சியில் ஆற்றுக்குள் உருகி வழிவன போலத் தோன்றினால், அதுவும் கட்டுமானத்தின் குற்றமன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து, ரேடார் கொண்டு உலக நிலத்தின் பெரும்பகுதியினுடைய உயரத்தை அளந்தது. அத்தகைய உயர அளவுகளின் மேல், கட்டிலின் மேல் விரிப்பை விரிப்பது போலத் தட்டையான படத்தை விரித்துவிடுகிறார்கள். கணக்குக்குப் பள்ளம் தெரிகிறது, பள்ளத்தின் மேல் நிற்கும் பாலம் தெரிவதில்லை. ஆதலால் பாலத்தின் படம் பள்ளத்தோடு சேர்ந்து தொய்ந்துவிடுகிறது.

இவையெல்லாம் படத்தின் பிசகுகள். இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் நிலத்தை அளந்தவர்களின் சரித்திரத்தில் பிசகு என்பது வெட்கத்துக்கு உரியதாக இருந்ததில்லை. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தம் பெரும்பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், மலைகளே இல்லாத காவிரிச் சமவெளிக்கு வந்தபோது கோயிற் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பாகை வட்டம் கோணிப்போயிற்று. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதனைத் தம் கையாலேயே சீர்செய்து அளவையைத் தொடர்ந்தார். பிசகை அறிந்து திருத்துவது விஞ்ஞானம். அறியாமல் படியெடுத்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. பவளக் கடலில் சாண்டித் தீவு என்ற ஒரு தீவு நூறாண்டுக்கு மேலாகக் கடல் வரைபடங்களில் இடம்பெற்று, கணினிப் படங்களிலும் கருந்திட்டாகக் குடியேறியிருந்தது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பலொன்று அவ்விடத்துக்கே சென்று பார்த்தபோது, அங்கே தீவு இல்லை, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான சமுத்திரமே இருந்தது. போய்ப் பார்த்தவர்களால்தான் அந்தப் பொய் முடிவுக்கு வந்தது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நம் கண்ணுக்கும் பிசகு உண்டு. மதுரையைச் சுற்றி நிற்கும் மலைகளில் மூன்றுக்கு நம் முன்னோர் யானை என்றும், நாகம் என்றும், பசு என்றும் பெயரிட்டார்கள். திருவிளையாடல் மூன்றுக்கும் கதை சொல்கிறது. மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது கால் மடக்கிப் படுத்த யானையாகவே தெரியும் யானைமலையை, வானிலிருந்து பாருங்கள். துதிக்கையும் இல்லை, மத்தகமும் இல்லை, வெளிறிய நீண்ட பாறை ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் நகரின் மேற்கே, காமராசர் பல்கலைக்கழகத்தின் அருகே தொடங்கி ஓடும் நாகமலையைப் பாருங்கள். ஒடுங்கிய முதுகோடு நெளிந்து நீண்டு கிடக்கும் அது, வானிலிருந்தும் நாகமாகவே இருக்கிறது. ஆகாயத்திற் பறந்தறியாத அம்மக்கள் அந்த வடிவத்தை எவ்வாறு அறிந்தார்கள்? அதன் அடிவாரத்தில் ஆடுமாடு ஓட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து நடந்து அறிந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். நின்று பார்த்த கண்ணுக்கு யானை கிடைத்தது. நடந்து பார்த்த காலுக்கு நாகம் கிடைத்தது.

நண்பர்களே, இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிசகு என்று நாம் எண்ணும் விசித்திரங்களுள் சில, பிசகே அல்ல. அவை மண்ணின் வடுக்கள். டவுன்ஹால் ரோட்டில் நடப்பவருக்குக் கடைகளே தெரியும். வானிலிருந்து பார்த்தால் அக்கடைகளின் முதுகுக்குப் பின்னே, கூடலழகர் கோயிலுக்குரிய பெருமாள் தெப்பக்குளம் ஒரு பெரிய சதுரமாகத் திடீரென்று காட்சி தருகிறது. புது மண்டபத்துக்கு அருகே எழுகடல் தெரு என்று பெயர். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்காக ஏழு கடலையும் இறைவன் அழைத்த குளம் என்று புராணம் போற்றும் இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. படத்தில் கூரை இருக்கிறது, பெயரில் மட்டும் கடல் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் கீழவளவு, கீழையூர் வட்டாரங்களில், இயற்கை ஒருநாளும் போடாத நேர்கோடுகளும் செங்கோணங்களுமாக, அடியிலே பச்சை நீர் தேங்கிய பள்ளங்களைக் காணும் மாணவன் படம் கெட்டுவிட்டதோ என்று ஐயுறலாம். அவை கிரானைட் வெட்டி எடுத்த குழிகள். 2012இல் அங்கு நடந்த முறைகேடுகள் வெளிவந்து, 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக உயர்நீதிமன்றம் நியமித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். கீழடித் தென்னந்தோப்பிலோ, ஓர் ஆண்டின் படத்தில் தோன்றும் சதுரக் குழிகள் இன்னோர் ஆண்டின் படத்தில் மறைந்துவிடலாம். அகழ்ந்து பதிவு செய்தபின் குழியை மூடிவிடுவது ஆராய்ச்சியாளர் வழக்கம். காயப்படுத்திய பள்ளமும் கற்றுக்கொண்ட பள்ளமும் வானிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். கீழே இறங்கி விசாரிப்பவனுக்கே வேற்றுமை விளங்கும்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது கண்மாயின் கதி. நம் சமவெளி கிழக்கும் தென்கிழக்குமாக மெல்லச் சரிகிற நிலம். ஆகையால் நம் முன்னோர் வரத்துக் கால்வாயின் நீரைத் தடுக்கச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வளைந்த கரை போட்டார்கள். வானிலிருந்து ஒவ்வொரு கண்மாயும் ஒரு பிறைநிலவு. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்து. மதுரையிலிருந்து சிவகங்கை, இராமநாதபுரம் வரை அப்பிறைகள் மீன் செதிள் போல அடுக்கடுக்காகப் போகின்றன. இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் தமிழகம் முழுவதும் சுமார் 39,000 என்பது கணக்கு. இப்போது நகரின் புதிய குடியிருப்புகளைப் படத்தில் உற்றுப் பாருங்கள். தெருக்கள் எல்லாம் அளவுகோல் வைத்தாற்போல நேராக இருக்கையில், ஒரே ஒரு தெரு மட்டும் வில்லாக வளைந்து போனால், அதை வரைந்தவரின் கைப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய கரையாக இருக்கக்கூடும். அந்த ஊரின் பெயர் குளம் என்றோ, ஏந்தல் என்றோ, ஏரி என்றோ முடிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று நாம் பேருந்து நிறுத்தத்தில் சாதாரணமாக உச்சரிக்கும் பெயர்களில் எத்தனை நீர் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் போய்விட்டது; வளைவும் பெயரும் சாட்சிக்கு நிற்கின்றன.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசியில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்காகச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றபோது, கைபேசிப் படம் காட்டிய பாதையை நம்பிக் கண்மாய்க் கரை மேல் வண்டியை ஓட்டச் சொன்னேன். படத்தில் அக்கோடு அறுபடாமல் ஊர் வரை சென்றது. பாதி வழியில் கரை நின்றுவிட்டது; அங்கே கலுங்கின் மேல் முழங்கால் அளவு நீர் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அருகே வந்து, "கோடை பூரா இதுதாங்கய்யா பாதை. கம்மா பெருகிருச்சுன்னா மறுகா பாயும், அப்ப இது தண்ணி போற பாதை" என்றார். எந்த வரைபடக்காரரும் எனக்குச் சொல்லித்தராத உண்மையை அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். நம் நாட்டில் ஒரே இடம் ஆறு மாதம் நீராகவும், மூன்று மாதம் புல்வெளியாகவும், மூன்று மாதம் பாதையாகவும் இருக்கிறது. எந்நாளும் நிறைந்த ஏரிகளையே பார்த்துப் பழகிய கண்கள், அதை ஒரே நீலமாகத் தீட்டிவிடுகின்றன, அல்லது வறண்ட நாளிற் பார்த்துத் தரிசு என்று விட்டுவிடுகின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ ஷீட்டில் நீர் வற்றாத குளத்துக்கு ஒரு குறியும், வற்றும் குளத்துக்கு வேறொரு குறியும் இருப்பதை நாமெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். அவ்விரு குறிகளின் அருமை எனக்கு முழுமையாக விளங்கியது அந்தக் கலுங்கின் முன்னே நின்றபோதுதான். வறண்ட கண்மாயைத் தரிசு என்று எழுதும் கை, நாளை அதனை மனை என்று எழுதுவதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு அருகே உள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளட்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்கள் இருக்கின்றன. 2009இல் இஸ்ரோ தொடங்கிய புவன் தளமும் இருக்கிறது. 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் லாண்ட்சாட் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. லாண்ட்சாட் 7இன் படங்களில் சாய்ந்த கருங்கோடுகள் தென்பட்டால் மாணவர்கள் மருள வேண்டாம். 2003 மே 31இல் அதன் உறுப்பொன்று பழுதானதிலிருந்து அப்படத்துக்கு உரிய வடு அது. சித்திரையில் ஒரு படம், கார்த்திகையில் ஒரு படம் என்று இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, கரை எது, கலுங்கு எது, மடைகள் எத்தனை, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பிள்ளைகள் தம் கையாலேயே குறிக்கட்டும். சந்தேகம் எழும் இடத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: வேறு தேதியில் எடுத்த படத்திலும் இது இருக்கிறதா? இதன் நிழல் அக்கம்பக்கத்து நிழல்களோடு ஒத்துப்போகிறதா? ஊரிலே இதற்கு ஒரு பெயர் உண்டா? முதல் இரண்டு கேள்விகளும் படத்தின் பிசகைப் பிரித்துக் காட்டிவிடும். மூன்றாவது கேள்வி மண்ணின் வடுவைக் காட்டித் தரும்.

அதன் பிறகு அவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மடை திறந்து வயலுக்கு நீர் முறை வைத்த நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு மடைக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தோடு எல்லையை ஒப்பிடச் சொல்லுங்கள். படத்தில் ஊர்ப்பெயர் திரிந்திருந்தால் திருத்தம் அனுப்பச் சொல்லுங்கள். 2020 ஜூனில் நம் அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களுக்குள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு பெயரைச் சரியாக எழுதுவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. அந்தந்த ஊரின் பெயரை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைவிடச் சரியாக உச்சரிப்பவர் உலகில் வேறு யார் இருக்கிறார்கள்?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பாருங்கள் என்று கூறி முடிக்கிறேன். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தப் பெருஞ்சதுரம், நம் காலத்தில் பல ஆண்டுகள் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானமாக மண்ணிறத்தில் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் கொண்டுவந்த பின் எடுத்த படங்களில், அதே சதுரம் நடுவே மைய மண்டபத்தோடு நீர் நிறைந்து நிற்கிறது. இரண்டு படமும் மெய். எதிலும் பிசகு இல்லை. ஒரு கால்வாயைத் தூர்வாரிய மண்வெட்டியின் வேலை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து தெரியும் அளவுக்குப் பெரியது என்பதை உங்கள் மாணவர்கள் அந்த இரண்டு படங்களிலிருந்து தாமே கண்டுகொள்வார்கள். வருகிற ஐப்பசியில் முதல் மழை பெய்து உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரத்து வரும் நாளில், ஒரு குறிப்பேட்டோடு அவர்களைக் கரையில் நிறுத்துங்கள். அந்த நாளின் தேதியை முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன் ஒருவன்,
மதுரை.